எஞ்சின் சத்தம் கேட்காத இலக்கியம்

மலேசியத் தமிழ்ப் புனைவைக் கொஞ்சம் வாசித்தவருக்குக்கூட கித்தா மரத்தை எப்படிச் சீவ வேண்டும் என்று தெரிந்திருக்கும். மங்கு எது, ஒட்டுப்பால் எது, பெரட்டுக்கு ஏன் இருட்டோடு ஓட வேண்டும் என்பதெல்லாம் தோட்டத்தைப் பார்க்காமலே நமக்குப் பழகிவிட்டது. நம் எழுத்தாளர்கள் செய்த பெரிய காரியம் அது. அவர்கள் ஒரு தொழிலை மொழிக்குள் கொண்டுவந்தார்கள்.

அதே வாசகரிடம் ஒரு ‘போமேன்’ காலை எட்டு மணிக்குப் பட்டறையைத் திறந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராது. தோட்டம் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனையாகி, பிறகு வீடமைப்பாகி, அங்கிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எத்தனையோ பேர் ஸ்பானா பிடித்தார்கள், லோரி ஓட்டினார்கள். குனோங் ராபாட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு பக்கம் ஹியோங் பெங் பிஸ்கட் சுடும் வாசனை, இன்னொரு பக்கம் சுண்ணாம்புக் குன்றுகள், சிம்பாங் பூலாய் பக்கமிருந்து கல் ஏற்றி வரும் லோரிகள், நடுவில் வரிசையாகப் பட்டறைகள். இந்த வாழ்க்கை நம் கதைகளில் வராமல் இல்லை, வருகிறது. ஆனால் கையில் எண்ணெய்க் கறையோடு ஒருவன் இருப்பான், அவன் என்ன செய்கிறான் என்பது மட்டும் இருக்காது.

இதை ஒரு விமர்சனக் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். நம் இலக்கியத்துக்கு மரம் சீவும் கை தெரிகிறது, எஞ்சின் கட்டும் கை ஏன் தெரியவில்லை?

*

தமிழில் இயந்திரம் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வருகிறது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ கதையில் மழையில் வந்து நிற்கும் பெரிய கார் ஒரு வர்க்கத்தின் அடையாளம், ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் ஆபத்து. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நாவலில் வல்லத்துக்கு எதிராக லாஞ்ச் வருகிறது, மீனவர்களைப் பிளக்கிறது. மலேசியாவிலோ நம் பெரிய இயந்திர நினைவே ரயில். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இரண்டிலும் தண்டவாளம் என்பது தமிழர்களின் உடல்மேல் போடப்பட்டது. ஜப்பானியர் காலத்தை அனுபவித்த சமூகம் இயந்திரத்தைச் சாவாகப் பார்த்ததில் தவறில்லை.

ஆனால் இந்த மூன்று வகையிலும் ஒன்று பொது. இயந்திரம் நம்முடையதல்ல. அது நமக்கு நேர்வது. நாம் அதைக் கட்டுவதில்லை, பிரிப்பதில்லை, அதோடு பேசுவதில்லை.

தமிழ் சினிமா இதில் ஒரு படி முன்னே போனது. வெற்றிமாறனின் ‘பொல்லாதவன்’ (2007) படத்தில் ஒரு பல்சர் பைக் திருடு போகிறது, அதைத் தேடிப் போகும் பையன் சென்னையின் அடிவயிற்றுக்குள் இறங்கிவிடுகிறான். பைக் கிடைத்த பிறகு அவன் நடையே மாறுகிறது இல்லையா, அந்த இடத்தைப் படம் மிக நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனாலும் அங்கே பைக் ஒரு சொத்து. மரியாதை, வேலை, காதல் எல்லாவற்றுக்குமான சாவி. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்பது படத்தின் அக்கறை அல்ல.

நம்மூர் ‘ஜகாட்’ (2015) இன்னும் நெருக்கமானது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய படம். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பம், 90களின் தொடக்கம், அப்போய் என்ற சிறுவன். அவன் முன்னால் இருப்பவர்கள் கண்டிக்கும் அப்பா, குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதையில் விழுந்த இன்னொரு சித்தப்பா. தோட்டத்துக்குப் பிந்தைய வாழ்க்கையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் குறைவு. ஆனால் அந்தப் படத்துக்குப் பிறகு வந்த பேச்சைக் கவனியுங்கள். தோட்டம் போனது, பையன் கெட்டான் என்ற ஒரே கோட்டில் எல்லாரும் நின்றுவிட்டோம். கெடாத சித்தப்பாக்கள் இருந்தார்கள். அவர்கள் பட்டறையில் இருந்தார்கள். அவர்கள் கதை சோகமாகவும் இல்லை, சாதனையாகவும் இல்லை. அதனால் நமக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

*

எங்கே தெரியும் என்று பார்க்க ஒரு அமெரிக்கப் படத்துக்குப் போகலாம். மான்ட்டி ஹெல்மன் இயக்கிய ‘டூ-லேன் பிளாக்டாப்’ (1971). டிராக் பந்தயத்தைப் பற்றிய படம் என்று சொல்வார்கள். டிராக் என்றால் கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர்க்கோட்டில் இரண்டு வண்டி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுவது. அவ்வளவுதான்.

படத்தில் இரண்டு இளைஞர்கள். பெயர் கிடையாது. ஒருவன் டிரைவர், ஒருவன் மெக்கானிக். பாடகர் ஜேம்ஸ் டெய்லரும் ‘பீச் பாய்ஸ்’ குழுவின் டிரம்மர் டென்னிஸ் வில்சனும் நடித்தார்கள். 1955ஆம் வருட செவர்லே ஒன்றை அவர்களே கட்டியிருக்கிறார்கள். வெளியே ப்ரைமர் பூசிய சாம்பல் நிறம், பார்க்க ஒன்றுமே இல்லை. உள்ளே இருப்பது வேறு. ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் போட்டு அந்தக் காசில் அடுத்த ஊர் போகிறார்கள். வழியில் ஒரு நடுவயதுக்காரன் சேருகிறான். புத்தம்புது பான்டியாக் ஜி.டி.ஓ. வைத்திருக்கிறான்; படத்தில் அவன் பெயரே ஜி.டி.ஓ.தான். வாரன் ஓட்ஸ் அந்த வேடத்தில் வாழ்ந்திருக்கிறார். வாஷிங்டன் வரை பந்தயம், தோற்றவன் வண்டியைக் கொடுத்துவிட வேண்டும்.

இந்தப் படத்தின் உயிர் பந்தயத்தில் இல்லை. பந்தயத்தைப் பாதியிலேயே எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். உயிர் இருப்பது இந்த வேறுபாட்டில்: ஜி.டி.ஓ. ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொரு ஆளிடமும் தன்னைப் பற்றி ஒரு புதுக் கதை சொல்கிறான். வண்டி எப்படிக் கிடைத்தது, தான் யார், எங்கே போகிறேன். எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். வண்டியின் குதிரைத்திறனை விளம்பரத்தில் படித்தவன் மாதிரி ஒப்பிப்பான். மெக்கானிக்குக் கதையே இல்லை. அவன் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றுகிறான், சத்தத்தைக் கேட்கிறான், ஒரு வார்த்தை சொல்கிறான். டிரைவருக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

கடையில் வாங்கியவனுக்குக் கதை தேவைப்படுகிறது. கட்டியவனுக்குக் காது போதும்.

நம் விமர்சகர்களும் எழுத்தாளர்களும் பட்டறையை அணுகும் விதம் ஜி.டி.ஓ.வுடையது. அங்கே இருப்பவனுக்கு ஒரு கதை கட்டிவிட்டால் திருப்தி: படிப்பு ஏறாதவன், ரெம்பிட், பாவம், எச்சரிக்கை. அவன் என்ன கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று நாம் கேட்பதில்லை.

*

அவன் என்னதான் கேட்கிறான்? இதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரை நகராது.

எஞ்சின் தரும் சக்தி என்பது இரண்டின் பெருக்கல். ஒவ்வொரு சுற்றிலும் அது கொடுக்கும் முறுக்குவிசை ஒன்று, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது இன்னொன்று. பெரிய எஞ்சினுக்கு முதலாவது தாராளமாகக் கிடைக்கும். அது நிதானமாகச் சுற்றினாலும் இழுக்கும். ‘டூ-லேன் பிளாக்டாப்’ செவர்லேயில் இருப்பது அந்த வகை, 7 லிட்டருக்கும் மேல். சின்ன எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. அதற்குச் சுற்று ஒன்றுதான் கதி. சுத்தணும், இன்னும் சுத்தணும்.

பணக்கார அமெரிக்காவிலேயே இதற்கு ஒரு வீரக்கதை உண்டு. 1970, 71இல் டிராக் பந்தயத்தின் ‘புரோ ஸ்டாக்’ பிரிவில் கிரைஸ்லரின் 7 லிட்டர் ‘ஹெமி’ எஞ்சின்கள் எல்லாரையும் அடித்துக்கொண்டிருந்தன. 1972இல் விதிகள் மாறின. சின்ன எஞ்சினுக்கு எடையில் சலுகை கிடைத்தது. பில் ஜென்கின்ஸ் என்பவர் செவர்லே வேகா என்ற குட்டி காரில் 5.4 லிட்டர் எஞ்சினைப் போட்டு, அதிகச் சுற்றில் ஓட்டி, வருடத்தின் முதல் பெரிய பந்தயத்திலேயே ஹெமிகளைத் தோற்கடித்தார். ‘முசுடு’ என்பது அவருடைய பட்டப்பெயர். அவர் ஜெயித்தது தைரியத்தால் அல்ல, சிலிண்டர் ஹெட்டுக்குள் காற்று எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்ததால்.

நம் பக்கம் வந்தால் டட்சன் 120ஒய். எழுபதுகளில் மலேசியச் சாலைகளில் அந்தக் கார் இல்லாத தெரு இல்லை. அதன் ஏ12 எஞ்சின் 1171 சிசி. சிலிண்டரின் விட்டம் 73 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 70. விட்டம் பெரிசு, தூரம் சின்னது. அதனால் அதிகமாகச் சுற்றச் சொன்னால் சுற்றும். குடும்பத்தோடு கோவிலுக்குப் போவதற்காகச் செய்த எஞ்சின் அது. ஜப்பானில் டூரிங் கார் பந்தயக்காரர்கள் அதே குடும்பத்து எஞ்சினை 10,000 சுற்று பக்கம் கொண்டுபோனார்கள்.

8000 சுற்றில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடலாம். ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 133 தடவை மேலே போய்க் கீழே வருகிறது. அப்படியானால் நொடிக்கு 266 தடவை அது முழுசாக நின்று திசை மாற வேண்டும். இதற்கு ஆகும் விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: 4000 சுற்றை 8000 ஆக்கினால் கனெக்டிங் ராடின் போல்ட்டு தாங்கவேண்டியது இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. ஒரு போல்ட்டு விட்டால் ராடு எஞ்சின் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

இன்னொன்று வால்வு. ஏ12இல் கேம் கீழே இருக்கிறது, வால்வு மேலே. நடுவில் ஒரு நீளமான தண்டு தள்ளித் திறக்கிறது. மூடுவது ஸ்பிரிங்கின் வேலை. சுற்று மிஞ்சிப்போனால் ஸ்பிரிங்கால் சமயத்துக்கு மூட முடியாது. வால்வு கேமின் சொல்லைக் கேட்காமல் அந்தரத்தில் நிற்கும். ‘வால்வு மிதக்குது’ என்பார்கள். அந்தக் கணத்தில் சத்தம் மாறும். சீராக ஏறிக்கொண்டிருந்த ஸ்ருதி திடீரென்று பிசிறு தட்டும். அப்போதும் காலை எடுக்காவிட்டால் பிஸ்டன் வால்வை இடிக்கும். அந்தப் பிசிறு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கியரை மாற்றுபவன்தான் நல்ல ஓட்டுநர். அந்தப் பிசிறை இன்னும் 500 சுற்று தள்ளிப்போட வைப்பவன்தான் நல்ல போமேன்.

இப்போது கித்தா மரத்துக்குத் திரும்புவோம். மரம் சீவுவதில் இருக்கும் சூட்சுமம் நமக்கு நாவல்களில் படித்தே தெரியும்: பட்டையைத் துளியளவு சீவ வேண்டும், ஆழம் போதாவிட்டால் பால் வராது, கூடிவிட்டால் கத்தி மரத்தைத் தொட்டு காயமாகிவிடும். சிலிண்டர் ஹெட்டின் துளைகளைக் கையால் சீவிப் பெரிதாக்குபவனுக்கும் இதே கணக்கு. கொஞ்சமாகச் சீவினால் காற்று போதாது. அதிகமாகச் சீவினால் சுவர் ஓட்டையாகி உள்ளே ஓடும் தண்ணீர்ப் பாதை திறந்துகொள்ளும், ஹெட் குப்பைக்குத்தான். அளவுகோல் பெரும்பாலும் விரல் நுனி. இரண்டு வேலைக்கும் ‘சீவுவது’ என்ற ஒரே வினைச்சொல் பொருந்துகிறது. அப்பா சீவினார், மகனும் சீவுகிறான். ஒரு தலைமுறை நாவலுக்கு இதைவிட நல்ல கண்ணி வேண்டுமா? நம் இலக்கியம் அப்பாவின் கையை மட்டும் எழுதிவிட்டு, மகன் வழிதவறிவிட்டான் என்று முடித்துவிட்டது.

*

இதற்கு வரும் மறுப்புகள் தெரியும். முதலாவது, இலக்கியம் பட்டறைக் கையேடு அல்ல, கேம், ராடு, வால்வு என்று எழுதினால் எவன் படிப்பான் என்பது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) வந்தபோது கட்டுமரத்தின் பாகங்களும் மீனின் பெயர்களும் காற்றின் பெயர்களும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. கடலே பார்க்காத வாசகன் அதைப் படித்தான். அந்தச் சொற்களை நாவல் அலங்காரத்துக்காக அடுக்கவில்லை; அந்தச் சொல் தப்பினால் படகில் உயிர் தப்பாது. தொழிற்சொல் வாசகனைத் துரத்துவதில்லை. உயிரோடு ஒட்டாத தொழிற்சொல்தான் துரத்தும்.

இரண்டாவது மறுப்பு மொழி சார்ந்தது. நம் பட்டறைத் தமிழ் கலப்படம். ஸ்பானா, கபுரேட்டர், எக்ஸோஸ் என்பதெல்லாம் மலாய் வாய்வழி வந்த ஆங்கிலம். எஞ்சின் ஆயிலுக்கு ‘மின்யாக் ஹித்தாம்’. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய கார்களிலிருந்து எஞ்சின் வாங்கும் இடம் ‘பொத்தோங் கடை’. “தௌக்கே, அந்த மிவெக் எஞ்சின் ஹாஃப்-கட்டோட என்ன வெல?” என்பது ஒரே வாக்கியத்தில் நான்கைந்து மொழி. இதை எழுதினால் தமிழ் கெடும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே பயமுறுத்தப்பட்டிருக்கிறோம். ஆனால் ‘மங்கு’ எங்கிருந்து வந்தது? ‘கித்தா’ எங்கிருந்து வந்தது? இரண்டுமே மலாய். தோட்டத்துக் கலப்பு பழசானதும் மண்வாசனை ஆகிவிட்டது. பட்டறைக் கலப்பு இன்னும் பழசாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. இது சாவை அழகாக்குவதில்லையா? சாலையில் பந்தயம் போட்டுச் செத்த பையன்களின் வீடுகள் நம் எல்லா ஊரிலும் இருக்கின்றன. முறையான ஓடுதளம் வேண்டுமென்றால் ஈப்போவிலிருந்து செப்பாங் 200 கிலோமீட்டருக்கும் மேல். கையில் எஞ்சின் இருக்கிறது, ஓட்ட இடம் இல்லை, ராத்திரி ரோடு காலியாக இருக்கிறது. இதன் முடிவு நமக்குத் தெரியும்.

இந்த மறுப்பை நான் தள்ளவில்லை. ஆனால் இந்தச் சாவுகளை நாம் எப்படி எழுதுகிறோம்? நாளிதழில் நான்கு வரிச் செய்தி. சிறுகதையில் நீதிபோதனை. இரண்டிலும் செத்தவன் யாரென்று தெரியாது. அவன் எதைக் கேட்டு மயங்கினான் என்று சொல்லாமல் அவனுடைய அழிவைச் சொல்ல முடியாது. ‘பேய்ச்சி’யில் ம. நவீன் சம்சு குடித்துச் செத்தவர்களை எழுதியபோது குடிகாரர்களுக்கு அறிவுரை சொல்லவில்லையே. அந்த மனிதர்களின் பசியையும் பயத்தையும் எழுதினார். அந்த மரியாதை ராத்திரி ரோட்டில் விழுந்தவனுக்கும் வேண்டும்.

இதில் வீட்டுக்குள் இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும். ‘டூ-லேன் பிளாக்டாப்’ படத்தின் பெரிய குருடு அதுதான். லாரி பேர்ட் நடித்த பெண் ஒரு வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு மாறிக்கொண்டே இருக்கிறாள். கடைசியில் எல்லா வண்டியையும் விட்டுப் போகிறாள். அவள் என்ன கேட்டாள் என்று படத்துக்குத் தெரியவில்லை. எஞ்சின் ஆம்பளை சமாச்சாரம் என்பதும் பொய்தான்: ஷர்லி மல்டௌனி டிராக் பந்தயத்தின் உச்சப் பிரிவான டாப் ஃபியூயலில் 1977, 1980, 1982 என்று மூன்று முறை சாம்பியன், அவரைப் பற்றி ‘ஹார்ட் லைக் எ வீல்’ (1983) என்ற படமே இருக்கிறது. ஆனால் நம்மூரில் ஓட்டாமலே எஞ்சின் தெரிந்த பெண்கள் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்குத் தூரத்தில் நாலு மோட்டார் சத்தம் கேட்டால், அதில் எது தன் மகனுடையது என்று படுத்துக்கொண்டே சொல்லிவிடுகிற அம்மாக்கள். குனோங் ராபாட்டில் குன்றில் பட்டுத் திரும்பும் சத்தத்திலும் பிரித்துச் சொல்வார்கள். அந்தச் சத்தம் தெருமுனையில் தணிந்தால்தான் தூக்கம். போமேனின் காதுக்கும் அந்த அம்மாவின் காதுக்கும் பயிற்சி ஒன்றுதான், பயம் வேறு. இந்த இரண்டு காதுகளும் சந்திக்கும் ஒரு சிறுகதை தமிழில் வந்தால் அது ரெம்பிட் பிரச்சனையைப் பற்றிய நூறு கட்டுரைகளுக்குச் சமம்.

*

இது மலேசியாவுக்கு மட்டுமான குறையும் அல்ல. சோழவரம் என்றால் தமிழ் வாசகனுக்கு ஏரிதான் ஞாபகம் வரும். அங்கே இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளத்தில் 1953இல் தொடங்கிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் கார்ப் பந்தயம் நடத்தியது. கோயம்புத்தூரில் கரிவர்தன் என்பவர் மாருதி 800இன் 796 சிசி எஞ்சினை வைத்துப் பந்தயக் கார் கட்டினார். 1995இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரில் இன்றும் அங்கே ஒரு ஓடுதளம் இருக்கிறது. சின்ன எஞ்சினைச் சுற்றவைத்துப் பெரிய கனவு கண்ட கதை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அது விளையாட்டுப் பக்கத்தோடு நின்றுவிட்டது.

அவசரம் ஒன்று உண்டு. கார்புரேட்டரைக் காதால் சரிசெய்யும் தலைமுறை முடிந்துகொண்டிருக்கிறது. இப்போதைய எஞ்சினில் வால்வு மிதக்கும் முன்னாலேயே கம்ப்யூட்டர் எரிபொருளை நிறுத்திவிடும். மின்சார வண்டியில் வால்வே இல்லை. அந்தக் காது இனி யாருக்கும் தேவைப்படாது. தோட்டத்தைப் பற்றிய நம் நல்ல நாவல்கள் பலவும் தோட்டம் கையைவிட்டுப் போன பிறகு வந்தவை. அதனால்தான் அவற்றில் ஏக்கம் அவ்வளவு தூக்கலாக இருக்கிறது. பட்டறை இன்னும் திறந்திருக்கிறது. ஏக்கம் வருவதற்கு முன்னால், எண்ணெய் காய்வதற்கு முன்னால் எழுதும் வாய்ப்பு இந்தத் தலைமுறைக்கு இருக்கிறது. அதற்கு முதலில் அங்கே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும். கதை கேட்பதற்காக அல்ல. அவர்களுக்கு அது வராது. அவர்கள் கேட்பதைச் சேர்ந்து கேட்பதற்காக.